விதை வேண்டுமென்றால் பூவைக் கட்டுங்கள்

பெரியம்மா எனக்குக் கொடுத்த சுரை விதை ஒரு கைப்பிடி இருக்கும். கழுத்து நீண்டு, அடி உருண்டு, இளம்பச்சைத் தோலில் வெள்ளைப் புள்ளி தெளித்தது போல இருக்கும் அந்தக் காய். முதல் வருஷம் அச்சு அசலாக அப்படியே வந்தது. அதில் நல்ல காய் ஒன்றை முற்றவிட்டு விதை எடுத்து வைத்தேன். மறுவருஷம் அந்த விதையைப் போட்டபோது பந்தலில் தொங்கியது வேறு காய். கழுத்து சுருங்கி, கட்டையாக, புள்ளி இருந்தும் இல்லாமலும். தண்ணீரிலும் குறையில்லை, மண்ணிலும் குறையில்லை. முந்தின வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் உருண்டைச் சுரை படர்ந்திருந்தது. ராத்திரியில் அந்துப்பூச்சி அங்கே உட்கார்ந்துவிட்டு இங்கே வந்திருக்கிறது. நான் விதைக்கு விட்ட காய் பார்வைக்குத் தாய்க்கொடியின் காயைப் போலவே இருந்ததால் எதுவும் தெரியவில்லை. கலப்பு விதைக்குள் இருந்தது. அடுத்த தலைமுறையில்தான் வெளியே வந்தது.

அதற்குள் பெரியம்மா போய்விட்டார். அவருடைய பழைய தகர டப்பாவில் 11 விதை மிச்சம் இருந்தது. ஊறப்போட்டு வைத்ததில் 4 முளைத்தது. இன்றைக்கு என்னிடம் இருக்கும் அத்தனை விதையும் அந்த நாலு கொடியின் வாரிசு. அந்த நாலையும் காப்பாற்றுவதற்காகத்தான் கையால் மகரந்தம் சேர்க்கக் கற்றுக்கொண்டேன். சுரையில் ஆரம்பித்தது பூசணி, பீர்க்கு, புடல், பாகல் என்று போய்விட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகரந்தம் தொட்டு வைப்பதுதான் வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது அரை நிமிஷம். காய் பிடித்தால் போதும் என்பவர்களுக்கு அந்த அரை நிமிஷம் போதும். விதை சுத்தமாக வேண்டுமென்றால், பூ விரிவதற்கு முன்னாலேயே அதன் வாயைக் கட்டிவிட வேண்டும். நீங்கள் போய் நிற்பதற்குள் ஒரு தேனீ உள்ளே புகுந்து வெளியே வந்துவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் அது யாருடைய விதை என்று சொல்ல முடியாது.

ஆண் எது, பெண் எது

பூசணிக் குடும்பத்தில் பெரும்பாலான கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக ஒரே கொடியில் பூக்கும். பிரித்தறிய பூவுக்குக் கீழே பாருங்கள். பெண் பூவுக்கு அடியில், மொட்டாக இருக்கும்போதே, குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சுரையில் அது பூனைமயிர் போர்த்திய சின்னச் சுரையாகவே இருக்கும். பீர்க்கில் வரி ஓடியிருக்கும். ஆண் பூவில் காம்பு நேராகப் பூவில் போய் முடியும், மெலிசாக நீண்டிருக்கும்.

ஆண் பூதான் முதலில் வரும். ஒரு வாரம், பத்து நாள் வெறும் ஆண் பூவாகவே பூத்துக் கொட்டும். அதைப் பார்த்து உரத்தை அள்ளிப் போட வேண்டாம். தழைச்சத்து கூடினால் கொடி இலையாகவே போகும், பெண் பூ இன்னும் தள்ளிப்போகும். கடும் வெயில் காலத்திலும் ஆண் பூ மிஞ்சும். கொஞ்சம் குளிர்ந்தால் பெண் பூ கூடும்.

கோவையும் பழுபாகலும் வேறு விதம். அவற்றில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. விதை போட்டு வளர்த்தால் பூக்கும் வரை எது எதுவென்று தெரியாது. விதை எடுக்க இரண்டு கொடியும் வேண்டும்.

எது எதோடு கலக்கும்

பூசணிக்குப் பக்கத்தில் வெள்ளரி வைத்தால் கலந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். கலக்காது. சுரையும் பூசணியும் கலக்காது. சாம்பல் பூசணியும் மஞ்சள் பூசணியும் பெயரில்தான் ஒன்று, இனத்தில் வேறு. ஆபத்து ஒரே இனத்துக்குள் இருக்கும் இரண்டு ரகங்களுக்கு நடுவில்தான். நீளச் சுரையும் குண்டுச் சுரையும் கலக்கும். இரண்டு மஞ்சள் பூசணி ரகம் கலக்கும். பீர்க்கும் மெழுகு பீர்க்கும் நெருங்கிய சொந்தம், அவையும் கலக்கக்கூடும். காட்டுத்தனமாக வேலியில் படரும் கசப்பு வகை பக்கத்தில் இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

இந்தக் கசப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுரை, பூசணி, பீர்க்கு, வெள்ளரி எல்லாவற்றிலும் குக்கர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் உருவாகக்கூடும். கடும் கசப்பாக இருக்கும் சுரை உடம்புக்கு விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்தம் இறங்குவது வரை கொண்டுபோய் விடும். வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. அதனால் விதைக்கு விடும் ஒவ்வொரு கொடியிலும் ஒரு பிஞ்சை அறுத்து, சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவேன். கசந்தால் அந்தக் கொடி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வேரோடு பிடுங்கிவிடுவேன். பாகலின் கசப்பு வேறு, அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இன்னொன்று. பாக்கெட்டில் எஃப்1 என்றோ வீரிய ஒட்டு என்றோ போட்டிருந்தால், அது இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை. அதில் இத்தனை பாடுபட வேண்டாம். பூவைக் கட்டி எவ்வளவு சுத்தமாக விதை எடுத்தாலும் அதன் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போகும். இந்த வேலை நாட்டு ரகத்துக்கு.

எந்த நேரம்

ஒவ்வொரு கொடிக்கும் அதனதன் நேரம் உண்டு. பூசணிப் பூ விடியற்காலையில் விரியும், முற்பகலிலேயே சுருண்டுவிடும். பாகலும் காலைப் பூதான். மெழுகு பீர்க்கும் காலை. சுரை வெள்ளைப் பூ. சாயங்காலம் விரிந்து ராத்திரி முழுக்க மலர்ந்திருந்து மறுநாள் காலையில் வதங்கும், அந்துப்பூச்சிக்காகவே பூக்கிற பூ அது. வரிப் பீர்க்கும் சாயங்காலம். புடல் பொழுது சாய்ந்தபின் வெள்ளை நூல் நூலாக ஓரம் விரித்து நிற்கும்.

ஆகவே பூசணியை முந்தின நாள் சாயங்காலம் கட்டி, மறுநாள் காலை ஆறு ஏழு மணிக்குள் சேர்க்க வேண்டும். சுரையை மத்தியானம் மூன்று மணிக்குள் கட்டி, இருட்டத் தொடங்கும்போது சேர்க்க வேண்டும். எனக்குச் சுரைதான் பிடிக்கும். வேலை முடிந்து வந்து நிதானமாகப் பந்தலுக்கு அடியில் நிற்கலாம்.

நாளைக்கு எந்த மொட்டு விரியும் என்று தெரிய வேண்டுமே. பூசணி மொட்டு முந்தின நாள் சாயங்காலம் நன்றாகப் பருத்து, நுனியில் பச்சை வெளுத்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். முழுப் பச்சையாக இருந்தால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. சுரை மொட்டில் அன்று மத்தியானமே வெள்ளை இதழ் கசங்கிய துணி போல நுனியில் பிதுங்கி நிற்கும். மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால் கண் பழகிவிடும்.

கட்டுவது

பூசணிக்கும் சுரைக்கும் நூலே போதும். இதழ்களின் நுனியை விரலால் சேர்த்து, லேசாக ஒரு முறுக்கு முறுக்கி, பருத்தி நூலால் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுகிறேன். இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். காகித டேப்பும் ஒட்டலாம், ஆனால் பனி இறங்கினால் கழன்றுவிடும். துணி காயப்போடும் கிளிப்பை மாட்டாதீர்கள். அந்தக் கனத்தில் பெண் பூவின் கழுத்து ஒடியும். கட்டுவதற்கு முன் மொட்டைச் சுற்றிலும் பாருங்கள். பக்கவாட்டில் வண்டு கடித்த ஓட்டை இருந்தால் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு பெண் பூவுக்கு இரண்டு மூன்று ஆண் பூ என்று கணக்கு வைத்துக் கட்டுங்கள். ஆண் பூவையும் கட்ட வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். தேனீ ஆண் பூவுக்குள்ளும் போகும், வேறு கொடியின் மகரந்தத்தை அங்கே உதறிவிட்டும் வரும். பாகல் போன்ற சின்னப் பூக்களுக்கு நூல் சரிவராது. பொடிக் கண் உள்ள வலைத்துணியில் சின்னப் பை தைத்து மொட்டோடு சேர்த்து மாட்டிவிடுகிறேன். பீர்க்கின் ஆண் பூக்கள் கொத்தாக வரும், கொத்து முழுக்க ஒரே பைக்குள் அடங்கும்.

கட்டிய இடத்தில் சிவப்பு நாடா ஒன்று தொங்கவிடுங்கள். விடிகாலை அரை வெளிச்சத்தில் அத்தனை இலைக்கு நடுவில் நேற்றுக் கட்டிய பூவைத் தேடுவதற்குள் நேரம் போய்விடும்.

மறுநாள் காலை மழை வரும் போலிருந்தால், பூசணியில் ஆண் மொட்டை நீளக் காம்போடு சாயங்காலமே வெட்டி, வீட்டுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்துவிடலாம். காலையில் டம்ளரிலேயே விரியும். நனைந்த மகரந்தம் எதற்கும் ஆகாது, ஈரம் பட்டாலே மணிகள் வெடித்துவிடும்.

சேர்ப்பது

முதலில் ஆண் பூவைக் கிள்ளி எடுத்து, நூலை அவிழ்த்து, இதழ்களை ஒவ்வொன்றாக உரித்துப் போடுங்கள். நடுவில் ஒரு தூண் மட்டும் மிஞ்சும். பூசணியில் அது சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும், மகரந்தம் அப்பியிருக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டும். பூசணி மகரந்தம் பெரிசு, மணி மணியாகக் கண்ணுக்கே தெரியும். காற்றில் பறக்காது. அதனால்தான் இந்தக் கொடிக்குப் பூச்சி வேண்டும், இல்லாவிட்டால் நாம் வேண்டும். தூண் வெளிறி, தொட்டால் விரலில் எதுவும் ஒட்டாவிட்டால் அந்தப் பூவை எறிந்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பிறகு பெண் பூவின் கட்டை அவிழ்த்தால் இதழ்கள் தானாகவே மெல்ல விரியும். உள்ளே மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி, மூன்று மடலாக, ஒவ்வொரு மடலும் நடுவில் பிளந்து, ஈரப் பளபளப்போடு நிற்கும். உரித்த ஆண் பூவைப் பேனா பிடிப்பது போலக் காம்பில் பிடித்து, ஒவ்வொரு மடலின் மேலும் பக்கத்திலும் இதமாகத் தேயுங்கள். மூன்று மடலிலும் மஞ்சள் பூசியது போல் ஆக வேண்டும். ஒரு மடலை விட்டுவிட்டால் அந்தப் பக்கத்து விதைகள் நிறையாது. காய் ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சூம்பிப் போவதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது ஆண் பூவாலும் அதே மாதிரி ஒருமுறை. முடிந்ததும் இதழ்களைத் திரும்பக் கூட்டி அதே நூலால் கட்டிவிடுங்கள். இப்போது தேனீக்கள் எழுந்திருக்கும், நீங்கள் கையை எடுத்ததுமே வந்து உட்காரும். இதழ் தானாக வாடும் வரை, இரண்டு மூன்று நாள், அந்தக் கட்டு இருக்கட்டும்.

தூரிகையால் செய்பவர்கள் உண்டு. பாகல் மாதிரி பொடிப் பூவுக்கு நானும் தூரிகைதான். ஆனால் ஒரு ரகத்துக்கு ஒரு தூரிகை. இரண்டு ரகத்துக்கும் ஒன்றையே வைத்துக்கொண்டால் அந்துப்பூச்சி செய்ததை நாமே செய்ததாக ஆகிவிடும்.

இந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் எனக்கு எட்மண்ட் ஆல்பியஸ் ஞாபகம் வரும். ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன். வனிலாக் கொடி அங்கே வளர்ந்தது, பூத்தது, ஆனால் அதைச் சேர்க்கும் பூச்சி இல்லாததால் காய்க்கவில்லை. 1841-ல் அந்தப் பையன் ஒரு மெல்லிய குச்சியால் பூவுக்குள் இருந்த சின்னத் திரையை நிமிர்த்தி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தி வைத்துக் காய்க்க வைத்தான். இன்றைக்கும் வனிலாத் தோட்டங்களில் அதே கைவேலைதான் நடக்கிறது. அவனை அடிமையாக வைத்திருந்தவர், அதற்கு முன்பு அவனுக்குக் காட்டிக் கொடுத்தது பூசணிக் குடும்பத்துக் கொடி ஒன்றின் ஆண் பூவையும் பெண் பூவையும் சேர்க்கும் விதத்தை. நம் பந்தலில் செய்யும் இதே வேலை. அதைப் பார்த்துப் பழகிய கைதான் வனிலாவைத் திறந்தது.

எந்தக் கொடியிலிருந்து எந்தக் கொடிக்கு

ஒரே கொடியின் ஆண் பூவை அதே கொடியின் பெண் பூவுக்கு வைத்தாலும் காய் பிடிக்கும். ஒரே கொடிதான் இருக்கிறது என்றால் அதைச் செய்யுங்கள். ஆனால் வருஷா வருஷம் அப்படியே போனால் ரகத்துக்குள் இருக்கும் வகை குறைந்துகொண்டே வரும். முடிந்தால் ஐந்தாறு கொடியாவது வைத்து ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டும். என்னிடம் நாலுதான் இருந்தது. ஒன்றாவது கொடியின் ஆண் பூவை இரண்டாவதுக்கு, இரண்டாவதை மூன்றாவதுக்கு, மூன்றாவதை நாலாவதுக்கு, நாலாவதைத் திரும்ப ஒன்றாவதுக்கு என்று சங்கிலியாகச் சேர்த்தேன். நாலு காயிலிருந்தும் சம அளவு விதை எடுத்துக் கலந்து வைத்தேன். அடுத்த வருஷம் அந்தக் கழுத்தும் புள்ளியும் திரும்பி வந்தன. பந்தலுக்கு அடியில் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடித்ததா இல்லையா

பிடித்திருந்தால் மூன்று நாலு நாளிலேயே பிஞ்சு பளபளத்து, பருத்து, காம்பு வளைந்து தலை குனியும். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் நுனி மஞ்சளாகிச் சுருங்கி உதிரும். அதற்காக மனம் தளர வேண்டாம், எனக்கு இன்றும் கட்டும் பூக்களில் பல உதிரத்தான் செய்கின்றன. அடிக்கடி உதிர்ந்தால் கொடியில் ஏற்கெனவே வளரும் காய் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காய் முற்றிக்கொண்டிருக்கும்போது கொடி புதுப் பிஞ்சுகளைத் தள்ளிவிடும். நான் விதைக் கொடியில் பூச்சியால் தானாகப் பிடித்த பிஞ்சுகளை எல்லாம் கிள்ளிவிட்டு, கட்டிய காய் ஒன்றையோ இரண்டையோ மட்டும் விடுவேன்.

அந்தக் காய்க்கு அடையாளம் உடனே போடுங்கள். கலர் நூலைக் காம்பில் தளர்வாகக் கட்டுங்கள், காம்பு பருக்கும்போது இறுக்கக் கூடாது. தேதியையும் எந்தக் கொடி என்பதையும் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். பேனா எழுத்து மழையில் கரையும். வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள். ஒருமுறை, ஒன்றரை மாதம் காத்திருந்த காயை யாரோ பறித்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தார்கள்.

முற்றுவதும் விதை எடுப்பதும்

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பறிக்கும் பருவமும் விதைப் பருவமும் ஒன்றல்ல. பூசணி 45, 50 நாளாவது கொடியில் இருக்க வேண்டும். தோலில் நகம் இறங்கக் கூடாது, காம்பு மரம் போலாக வேண்டும். பறித்த பின்னும் நிழலில் மூன்று நாலு வாரம் வைத்துவிட்டுத்தான் உடைப்பேன். அந்த நாட்களில் உள்ளே விதை இன்னும் நிறையும். சுரையும் பீர்க்கும் கொடியிலேயே காய்ந்து பழுப்பாகி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். புடல் சிவந்து மெத்தென்று ஆகும். பாகலை மட்டும் ஆரஞ்சு நிறம் ஏறும்போதே துணிப்பைக்குள் மூடிவிடுங்கள். வெடித்துவிட்டால் சிவப்புச் சதையோடு விதையைப் பறவைகள் கொண்டுபோய்விடும்.

பூசணி விதையைத் தண்ணீரில் பிசைந்து கழுவினால் பதர் மிதக்கும், பெரும்பாலான நல்ல விதை அடியில் தங்கும். சுரைக்கு இந்தச் சோதனையை நம்பாதீர்கள், காய்ந்த சுரை விதை நல்லதும் மிதக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பாருங்கள். பதர் அமுங்கும்.

கழுவியதைத் தட்டிலோ முறத்திலோ பரப்பி நிழலில் காற்றாட உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொண்டு உரியாது. உச்சி வெயில் வேண்டாம். தினம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பூசணி விதையை எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, படக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பூசணி, சுரை விதை நாலு வருஷம் தாங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவேன். ஆறுக்குக் கீழே போனால் அந்த வருஷமே விதைத்துப் புது விதை எடுத்துவிட வேண்டும்.

பாட்டிலுக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ரகத்தின் பெயர், பூ கட்டிய தேதி, காய் பறித்த தேதி, எத்தனை கொடியிலிருந்து எடுத்தது என்று எழுதுகிறேன். பெரியம்மாவின் சுரை இப்போது மூன்று பாட்டிலில் இருக்கிறது. ஒன்று என்னிடம். மற்ற இரண்டும் வேறு வேறு வீட்டில், பூவைக் கட்டத் தெரிந்த இரண்டு பேரிடம்.